செய்தவன் பெயர் எங்கே?

சென்ற மாதம் ஓசூரில் எங்கள் வாசகர் சந்திப்பில் ஓர் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். எட்டு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் தலைகாட்டாதது ஏன் என்று நண்பர்கள் கேட்டார்கள். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கிதார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன் என்றேன். வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். வாசிக்கிறேன் என்றிருந்தால் இரண்டு வார்த்தை பாராட்டியிருப்பார்கள். செய்தேன் என்றதும் அவையில் ஒரு சங்கடம் பரவியது. மூவர் மூன்று விதமாகப் பேசினார்கள்.

முதலாமவர், "ஐயாயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைப்பதை எட்டு மாதம் இழைத்துக்கொண்டிருந்தீர்களா?" என்றார். இரண்டாமவர் தமிழிசைப் பற்றாளர். "யாழும் வீணையும் இருக்க, அந்நிய வாத்தியம் எதற்கு?" என்றார். மூன்றாமவர் கவிஞர். கண்களைப் பாதி மூடிக்கொண்டு, "இது ஒரு தவம்" என்றார்.

நேர்ப்பேச்சில் நான் எப்போதும் தோற்பவன். ஆகவே எழுதுகிறேன். முதல் இருவர்மீதும் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் மூன்றாமவர்மீதுதான். அதற்கு வருமுன் மற்ற இருவருக்கும் பதில் சொல்லிவிட வேண்டும்.

*

ஐயாயிரம் ரூபாய்க் கேள்விக்கு முதலில் கணக்கையே வைக்கிறேன். முதுகுக்கும் பக்கங்களுக்கும் பழைய ஈட்டிக் கட்டில் ஒன்றின் தலைப்பலகையை அறுத்துக்கொண்டேன். மேற்பலகைக்கு ஊசியிலை மரம் வேண்டும். அது நம் பக்கத்தில் விளைவதில்லை, ஆனால் வந்து இறங்குகிறது. வெளிநாட்டு இயந்திரங்கள் மரப்பெட்டிகளில் அடைத்துத்தான் நம் தொழிற்சாலைகளுக்கு வருகின்றன. பூச்சிகள் நாடு தாண்டாதிருக்க, அந்த மரத்தின் உட்பகுதி 56 பாகை வெப்பத்தில் முப்பது நிமிடமாவது இருந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்கான முத்திரையோடு அந்தப் பலகைகள் பழைய சாமான் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. நாற்பது பலகைகளைப் புரட்டி, முடிச்சில்லாமல் ரேகை நேராக ஓடிய ஒன்றைப் பொறுக்கினேன். விலை முந்நூறு ரூபாய். முறுக்காணி, மெட்டுக் கம்பி, தந்தி, பசை எல்லாவற்றுக்கும் பெங்களூருக்கு நான்கு நடை. மொத்தம் பதினோராயிரம் ஆயிற்று. என் உழைப்பு இருநூறு மணி நேரத்துக்குக் குறையாது. கிடைத்த வாத்தியத்தின் ஆறாவது தந்தி ஏழாம் மெட்டில் லேசாக இரைகிறது. கடைக் கிதார் இரையாது. ஆக, விலையில் தோற்றேன், தரத்திலும் ஓரளவு தோற்றேன். இதை மறைத்துவிட்டு, கையால் செய்தது என்பதாலேயே அது உயர்ந்தது என்று பிதற்ற நான் தயாரில்லை.

ஆனால் இந்தக் கேள்வி எந்த ஊரில் கேட்கப்பட்டது என்பதை யோசிக்க வேண்டும். 1970களில் சிப்காட் வந்தது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. அசோக் லேலண்டும் வந்தது. பின்னர் டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், 2002-இல் எட்ஜ் என்ற கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அதன் உள்ளியக்கத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர். கிதாரின் மேற்பலகையோ ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் குறைவான கனத்துக்குள் ஒரு கடிகாரத்தையே ஓடவைத்தது இந்த ஊர். இன்று போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர்களும், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் செல்பேசிப் பாகங்களும் உருவாகின்றன. கடைசல் இயந்திரத்தின் முன்னும் அச்சுவார்ப்பின் முன்னும் நின்று, ஒரு மில்லிமீட்டரை நூறாக வகுத்து அதில் ஒரு பங்கு தவறினால் விரல்நுனியில் உணர்ந்துவிடும் மனிதர்கள் இந்த ஊரின் தேநீர்க்கடைகளில் நம் பக்கத்து பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். ஜூஜூவாடியிலிருந்து கிருஷ்ணகிரிவரை கைத்திறன் குவிந்து கிடக்கிறது. இருந்தும் இந்த ஊரில் பொருள்களை முழுமையாகச் செய்பவர்கள் அரிது. நாமெல்லாம் பாகங்களைச் செய்பவர்கள்.

என் கீழ்வீட்டில் குடியிருக்கும் இளைஞன் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று ஆண்டுகளாக ஒரு துளையின் விட்டத்தை அளந்து, சரியென்றால் வலப்பக்கமும் தவறென்றால் இடப்பக்கமும் வைக்கிறான். அந்தத் துண்டு எந்த வண்டியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. ஒருநாள் மாடிக்கு வந்தவன், பக்கங்களும் முதுகும் மேற்பலகையும் ஒட்டி மூடிய பெட்டியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இது முழுசா நீங்களே செஞ்சதா சார்?"

அவன் குரல் 'முழுசா' என்ற சொல்லில்தான் அழுந்தியது. ஐயாயிரம் ரூபாய்க் கேள்விக்கு என் பதில் அவனுடைய அந்தச் சொல்தான். ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவுவரை தன் கையால் கொண்டுசெல்லும் அனுபவம், நம் காலத்தில் உழைப்பவனிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. அதற்கு ஈடாகச் சம்பளமும் மலிவான பொருள்களும் தரப்பட்டன. இந்தப் பண்டமாற்று முழுக்கவும் தீயது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் அவன் தங்கை கல்லூரியில் படிக்கிறாள். ஆனால் நடந்தது பண்டமாற்று என்பதையாவது நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். எதைக் கொடுத்தோம் என்றே தெரியாமல், வாங்கியதன் விலையை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நல்ல கணக்கல்ல.

*

இனி அந்நிய வாத்தியம். என் கட்டில் பலகையைப் பார்த்த மூக்கண்டப்பள்ளி ஆசாரி அதைக் கன்னடத்தில் 'பீட்டே' என்றார். தமிழில் ஈட்டி, தோதகத்தி. மேற்கு மலைத்தொடரில், கூடலூரிலும் வயநாட்டிலும் வளரும் மரம். 1960களின் இறுதியில் பிரேசில் தன் ரோஸ்வுட் மரங்களை அறுக்காமல் உருளையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. அப்போதிருந்து உலகத்தின் உயர்தரக் கிதார்களில் எத்தனையோ கிதார்களின் முதுகு நம் மலைக்காட்டு மரம். 2017 ஜனவரியில் அதன் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது முதலில் பதறியவர்கள் கிதார்க்காரர்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்த பிறகே மூச்சுவிட்டார்கள். மரம் இங்கிருந்து போகிறது, வாத்தியம் அங்கிருந்து வருகிறது. அந்நியம் என்று நண்பர் சொன்னது மரத்தையா, வேலையையா? வேலை என்றால், அதை இங்கே செய்வதைத்தான் அவர் கேள்வி கேட்கிறார்.

வயலினை பாலுஸ்வாமி தீட்சிதர் எடுத்துக்கொண்ட 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவும் அந்நியம்தான். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நண்பரால் கற்பனை செய்ய முடியாது. கிதாரும் இளையராஜாவின் வழியாக நம் செவிக்குள் வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இதை நீட்ட வேண்டியதில்லை.

நீட்ட வேண்டியது யாழைப் பற்றி. பொருநராற்றுப்படையிலும் சிறுபாணாற்றுப்படையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் யாழ் உறுப்பு உறுப்பாக வருணிக்கப்படுகிறது. பத்தர், போர்வைத் தோல், ஆணி, கோடு, திவவு, நரம்பு என ஒவ்வொன்றுக்கும் உவமை உண்டு. உலகில் வேறெங்கும் ஒரு வாத்தியம் இவ்வளவு அன்போடு பார்க்கப்பட்டிருக்குமா என்று வியக்கலாம். ஆனால் ஒரு பட்டறையில் நின்று அந்த வரிகளைப் படித்துப் பாருங்கள். உவமை இருக்கிறது, அளவு இல்லை. பத்தரின் சுவர் எவ்வளவு கனம், தோல் எந்த ஈரத்தில் இழுத்துக் கட்டப்பட்டது, கோடு எத்தனை எடையைத் தாங்கியது? பாடியவர்கள் புலவர்கள். செய்தவர்களிடம் யாரும் கேட்டு எழுதவில்லை. யாழை வீணையோ கிதாரோ கொல்லவில்லை. செய்முறை ஒரு தலைமுறையின் கைகளோடு போனதால் அது செத்தது என்பதே என் எண்ணம்.

அதை மீட்க வந்தவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. 1947-இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், கூடவே அறிவியலும் கணிதமும் கற்றவர். உவமைகளுக்குள் எண்ணைத் தேடினார். நம் காலத்தில் சென்னையில் 'உரு' என்ற பட்டறை நடத்தும் தருண் சேகர் யாழைச் செய்து, இசைக்கக்கூடிய வாத்தியமாக்கிக் காட்டினார். அவர் கிதார்களும் செய்பவர். ஆரோவில்லில் எரிசா நியோகி பல ஆண்டுகளாகக் கையால் கிதார் செய்துவருகிறார். கிதாரைச் செய்யக் கற்ற கைதான் யாழையும் செய்யும். மரத்தை எதுவரை மெலிதாக்கலாம், எங்கே விட்டுவைக்க வேண்டும் என்ற அறிவுக்குத் தாய்மொழி கிடையாது. தமிழிசைப் பற்றாளர் மகிழ வேண்டிய செய்தி இது.

*

இப்போது தவம்.

தவம் என்று சொல்பவர் என்ன செய்கிறார்? ஒரு வேலையைப் பீடத்தில் ஏற்றி வணங்கிவிட்டு, அதைப் பற்றித் தெரிந்துகொள்ளும் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுகிறார். நான் அந்தக் கொட்டகையில் தியானம் செய்யவில்லை. கணக்குப் போட்டேன், தவறு செய்தேன், திட்டினேன், மறுபடி செய்தேன்.

மெட்டுகளை எடுத்துக்கொள்வோம். தந்தியின் அதிரும் நீளம் 650 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் மெட்டு எங்கே? 16ஆம் நூற்றாண்டில் வின்சென்சோ கலிலேயி ஒரு விதி சொன்னார். விண்ணைப் பார்த்த கலிலியோவின் தந்தை அவர், லூட் வாசிப்பவர். எஞ்சிய நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே போ என்பது விதி. எளியது, ஆனால் பன்னிரண்டாம் மெட்டில் குட்டு வெளிப்படும். தந்தியின் சரிபாதியில், 325-இல் விழ வேண்டியது, ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் விலகி நிற்கும். மேல் ஸ்தாயி பொய் சொல்லும். பதினெட்டுக்குப் பதில் 17.817 என்று கொண்டால் சரியாக விழுகிறது. முதல் மெட்டு 36.48 மில்லிமீட்டரில். வீணையிலோ மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுகின்றன. செய்பவர் காதால் கேட்டு நகர்த்துவார், தேய்ந்தால் மெழுகை இளக்கி மீண்டும் அமைப்பார். ஒன்று எண்ணை மரத்தில் அறைந்து நிறுத்தும் வழி, மற்றது காதை மெழுகில் பதியவைக்கும் வழி. சுருதியைப் பற்றி நாம் எழுதியிருக்கும் எத்தனையோ கட்டுரைகளில் பேச வேண்டிய விஷயம் இது.

அடுத்து மரம். நல்ல மரத்தின் ஆன்மாதான் நாதம் என்று கவிஞர் அன்று சொன்னார். 1862-இல் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் ஒரு கிதார் செய்தார். மேற்பலகை மட்டும் மரம், முதுகும் பக்கங்களும் காகிதக்கூழ் அட்டை. நாதத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது மேற்பலகையும் அதன் உட்புறத் தாங்கிகளுமே என்று நிறுவுவதற்காகச் செய்தது. இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1995-இல் அமெரிக்காவின் பாப் டெய்லர் சரக்கு அடுக்கும் பழைய பலகைகளால் ஒரு கிதார் செய்து கண்காட்சியில் வைத்தார். அறிவு மரத்தில் இல்லை என்று இருவரும் காட்டினார்கள். ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ எழுபது கிலோ விசையோடு இழுக்கின்றன. ஓர் ஆளின் எடை. மூன்று மில்லிமீட்டர் பலகை அதைத் தாங்கவும் வேண்டும், ஒரு விரலின் தீண்டலுக்கு அதிரவும் வேண்டும். கனமாக்கினால் ஊமையாகும், மெலிதாக்கினால் வளையும். இந்த இரண்டுக்கும் நடுவே இழைப்புளியை எப்போது நிறுத்துவது என்பதே முழு வித்தை. அதை ஆன்மா என்று சொல்லி மூடிவிட்டால் கற்பிக்க எதுவும் மிஞ்சாது.

பலகையின் நடுவே விரலால் தட்டி, எந்த இடத்தில் ஒலி மந்தமாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு இழைத்தேன். ஐப்பசி மழையில் தாங்கிகளை ஒட்டினேன். பங்குனியில் ஒரு இரவு, மாடியில் சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். காலையில் பார்த்தால் மேற்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. ஓசூர்க் காற்று மழைக்காலத்தில் ஈரம் குடித்திருக்கும், கோடையில் உலர்ந்து போகும். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், ரேகையின் நீளத்தில் சுருங்காது. குறுக்கே ஒட்டிய தாங்கி அசையவில்லை, பலகை சுருங்கியது, பிளந்தது. புத்தகங்களில் இது முதல் அத்தியாயம். நான் படித்தும் இருந்தேன்.

மூக்கண்டப்பள்ளி ஆசாரியிடம் எடுத்துச் சென்றேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, "மழையில ஒட்டினா வெயில்ல வாய் திறக்கும் சார்" என்றார். நான் ஒட்டிய அன்று மாலை அவர் என் கொட்டகைக்கு வந்திருந்தார். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா?" என்றேன். "நீங்க கேக்கலியே சார்" என்றார்.

கேட்கவில்லைதான். நாற்பது ஆண்டுகளாக உளி பிடித்த ஒருவர் எதிரே நிற்க, நான் கணிப்பொறித் திரையில் யாரோ ஒரு கனடாக்காரரின் விளக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அவரை மரம் அறுத்துத் தரும் கூலிக்காரராக மட்டுமே என் மனம் வைத்திருந்தது. வெடிப்பின் அடியில் சிறு மரத்துண்டுகளை வச்சிரப் பசையில் ஒட்டிச் சரிசெய்ய அவர்தான் கற்றுக்கொடுத்தார். அந்த வெடிப்பு என் தலைக்குள்ளும் ஓடியது.

தவம் என்ற சொல்மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நான் இழைத்தால் தவம். அவர் இழைத்தால் தினக்கூலி. உளியும் மரமும் வியர்வையும் இருவருக்கும் ஒன்றுதான். ஓய்வுநேரமும் சம்பளமும் சாதியும் எனக்கு அளித்த சலுகையை அந்தச் சொல் ஆன்மிகமாக்கிக் காட்டுகிறது. அவரைத் தவசி என்று கவிஞர் ஒருநாளும் அழைத்ததில்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை என்று பேரம் பேசியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இது தனிமனிதர் குற்றம் அல்ல, நம் பண்பாட்டின் பழக்கம். ஆயுதபூஜை அன்று மிருதங்கத்துக்குப் பொட்டு வைக்கிறோம். அதற்குத் தோல் பதப்படுத்தி மூட்டியவர் யார்? தலைமுறைகளாக மிருதங்கம் செய்துவந்த, பெரும்பாலும் தலித் கிறித்தவர்களான குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலை 2020-இல் வெளியிட்டார். வெளியீட்டு விழாவுக்கு முதலில் அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. தோல் ஒரு மாட்டின் தோல், அதை ஒருவர் உரிக்கிறார் என்று அச்சில் வந்ததும் அரங்கின் கதவு மூடியது. வாத்தியத்தை வணங்கலாம், ஆனால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று சொல்லக் கூடாது. தவம் என்ற சொல்லும் நாசூக்காக அதையே செய்கிறது.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல். வரவேற்கிறேன். ஆனால் அந்தக் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது, ஆளின் பெயரை அல்ல. ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையை மேடையில் பார்க்கிறோம். கச்சேரி அழைப்பிதழில் பாடகர், பக்கவாத்தியம், தம்புரா, புரவலர், பந்தல் போட்டவர்வரை பெயர் இருக்கும். வீணையைக் குடைந்தவர் பெயர் இருக்காது.

*

கிதாரின் ஒலித்துளைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு சிறு காகிதச் சீட்டு தெரியும். செய்தவர் பெயர், ஊர், ஆண்டு. தோரெஸ் தன் கிதார்களில் அப்படித்தான் ஒட்டினார். இந்த அந்நிய வாத்தியத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஏதாவது உண்டென்றால் அந்தச் சீட்டுதான்.

நண்பர்களிடம் நான் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. சபாக்காரர்களே, அடுத்த அழைப்பிதழில் வாத்தியம் செய்தவரின் பெயரைப் போடுங்கள், ஒரு வரி போதும். இதழாசிரியர்களே, ராகத்தைப் பற்றி நூறு கட்டுரை வெளியிடும் இடத்தில், குடம் குடைவதைப் பற்றியும் தோல் மூட்டுவதைப் பற்றியும், கையில் அளவுகோலோடு எழுதப்பட்ட ஒரு கட்டுரையையாவது கேட்டு வாங்குங்கள். அதைச் செய்பவரே சொல்ல, நாம் எழுதிக்கொள்வோம். அதற்கு உரிய சன்மானத்தையும் கொடுப்போம். ஆற்றுப்படைகளின் காலத்தில் செய்யத் தவறியதை இப்போதாவது செய்யலாம். கவிஞரே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்தமுறை தவம் என்று சொல்ல நா எழும்போது, "எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். பதில் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கிதாருக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். ஓசூர் என்று எழுதி ஆண்டைப் போட்டேன். கீழே மூன்று பெயர்கள். ஒன்று என்னுடையது. இன்னொன்று ஆசாரியுடையது, முதலில் வேண்டாம் என்றார், பிறகு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டுமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். மூன்றாவது கீழ்வீட்டு இளைஞனுடையது. முறுக்காணிகளுக்கான ஆறு துளைகளைப் போட்டவன் அவன். துளைகள் அப்பழுக்கில்லாதவை. இப்போது ஞாயிறுதோறும் மாடிக்கு வருகிறான். இரண்டாவது கிதாருக்குப் பக்கப்பலகை வளைக்க, சூடான இரும்புக் குழாயின்முன் நிற்கிறான். இதுவரை இரண்டு பலகைகளை முறித்திருக்கிறான். நான் முறித்தவை நான்கு.